அலமாரிக்கு ஒட்டிய லைனிங்

என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கிளம்பிப் போய்விட்ட வசந்தாவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் அங்கிருந்தே முறைப்பாய். அதனால் கேட்கவில்லை. நானும் உன் பெண் கீர்த்தியும் இருக்கிறோம். நான் கொஞ்சம் இளைத்துவிட்டேன் என்கிறார்கள். என் சமையலை நானே சாப்பிட்டால் வேறு என்ன ஆகும்?

நான் ஐந்தாவதோடு நின்றவன். கல்யாணத்துக்கு முன்னால் உனக்கு எழுதின ஒரே கடுதாசியில் உன் பெயரை ‘வசாந்தா’ என்று எழுதி, நீ சாகும் வரைக்கும் உன் கிண்டலை வாங்கிக் கட்டிக்கொண்டவன். இந்தக் கடுதாசியில் பிழைகளையெல்லாம் கீர்த்தி திருத்திவிட்டாள். கோபத்தை மட்டும் திருத்த விடவில்லை. நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். அந்த நாலு பேரில் இரண்டு பேர் உன் அண்ணனும் அண்ணியுமாக இருந்தால் ரொம்ப சந்தோஷம்.

விஷயம் உன் சாமான் அலமாரியைப் பற்றியது.

சமையல்கட்டுச் சுவரில் கடப்பாக்கல்லைப் பதித்து, முன்னால் பழைய புடவையைத் திரையாகத் தொங்கவிட்டிருந்தாயே, அதுதான். உள்ளே எது எங்கே இருக்கிறது என்பது உனக்கும் அங்கே குடியிருந்த கரப்பான்பூச்சிகளுக்கும் மட்டும்தான் தெரியும். பிஸ்கட் டப்பாவில் மிளகு இருக்கும். ஊறுகாய் பாட்டிலில் வெல்லம் இருக்கும். நான் திரையைத் தொட்டால் போதும், “இன்னாத்துக்கு ஒனக்கு? போய் ஒக்காரு, எடுத்தாறேன்” என்று விரட்டுவாய். மகாராஜா மாதிரி இருந்தது அப்போது. ஒரு ஆளை இப்படி ஒன்றும் தெரியாதவனாக வளர்த்து வைத்துவிட்டுப் போகலாமா? நீ போன பிறகு முதல் தடவை ரசம் வைத்தேன். பெருங்காயம் என்று நினைத்து நான் போட்டது என்னவென்று இன்றுவரை தெரியவில்லை. கீர்த்தி ஒரு வாய் குடித்துவிட்டு, “அப்பா, இத்த வேளைக்கு ஒரு ஸ்பூன் குடிக்கணுமா?” என்று கேட்டாள்.

தை மாசம் உன் அண்ணனும் அண்ணியும் நாட்றம்பள்ளியிலிருந்து வந்தார்கள். நீ வேலூரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது அவர்களுக்கு வழி தெரியவில்லை. கடையை விட்டு வர முடியவில்லை. பஸ் கிடைக்கவில்லை. நீ போன பிறகு எல்லா பஸ்ஸும் கிடைக்கிறது.

அண்ணி காபி போடுகிறேன் என்று உள்ளே போனாள். திரையை விலக்கியவள் அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

“இன்னாண்ணா இது, ரவை தானா நடக்குது?”

வண்டு விழுந்திருந்தது. நான் சிரித்துக்கொண்டே, “வாக்கிங் போவுதும்மா, வயசாய்டுச்சு இல்ல அதுக்கு” என்றேன். அவள் சிரிக்கவில்லை. டப்பாவை அப்படியே கூடத்துக்குக் கொண்டுவந்து, கோர்ட்டில் சாட்சியை நிறுத்துகிற மாதிரி உன் அண்ணன் முன்னால் வைத்தாள்.

“பொம்பள இல்லாத வூடு இப்பிடித்தான் ஆவும். வயசுப் பொண்ணு இதுல எப்பிடிண்ணா இருக்கும்? வருஷம் திரும்பட்டும், நம்ம மணிக்கே பூ வெச்சிட்டு கீர்த்திய கூட்டினு போய்டறோம். பதினெட்டு முடிஞ்சதும் தாலி.”

உன் அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டு, “தாய்மாமன் எனக்கு இல்லாத உரிமையா மாப்ள?” என்றான்.

அவர்கள் மகன் மணி நல்ல பையன்தான். செல்போன் கடை வைத்திருக்கிறான். ஒரு நாளும் போனிலிருந்து தலையை நிமிர்த்தியதில்லை, அதனால் கெட்டவனாக ஆவதற்கு அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. ஆனால் கீர்த்தி நர்ஸ் படிக்கவேண்டும் என்கிறாள். உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சு மெஷினை அந்த நர்சம்மா எப்படித் திருப்புகிறாள், எப்படி எழுதி வைக்கிறாள் என்று பார்த்துப் பார்த்து வந்த ஆசை அது. அவர்கள் போனதும் என் பக்கத்தில் வந்து நின்றாள். “மாமா வூட்டுக்குப் போனா புக்கெல்லாம் மூட்ட கட்டிடுவாங்கப்பா.” அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை. உன் பெண்.

வண்டுதானே அவர்களுக்குச் சாட்சி? சாட்சியை ஒழித்துவிட்டால் கேஸ் போச்சு என்று நினைத்தேன். உன் வருஷத் தெவசத்துக்குள் அந்த அலமாரியைப் புதுசாக்கிவிடுவது என்று முடிவு பண்ணினேன்.

கீர்த்தியின் போனில் வீடியோ பார்த்தேன். ‘குறைந்த செலவில் கிச்சன் அலமாரியை அழகாக்குவது எப்படி’ என்று ஒரு அம்மா சொல்லித்தருகிறாள். அவள் அலமாரி நம் வீட்டைவிடப் பெரிசு. ஒரே அளவு கண்ணாடி ஜாடிகளாக வாங்கிக்கொள்ளுங்கள், அதுதான் குறைந்த செலவு என்கிறாள். நான் டீக்கடையில் காலி பாட்டில்களைக் கேட்டு வாங்கிவந்து, சாம்பல் போட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்தேன். எதிர்வீட்டில் கதவுக்கு அடித்து மிச்சமிருந்த பச்சை பெயின்ட் கிடைத்தது. பழைய பிளைவுட்டில் கதவு செய்தேன். நம் ஷூ கம்பெனியில் ஜோடிக்குக் கட்டுகிற சைஸ் சீட்டு இருக்கிறதல்லவா, அதைக் கொண்டுவந்து ஒவ்வொரு பாட்டில் கழுத்திலும் கட்டி, கீர்த்தியிடம் பெயர் எழுதச் சொன்னேன். துவரம்பருப்புக்கும் கடலைப்பருப்புக்கும் வித்தியாசம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது வசந்தா. இத்தனை வருஷம் இரண்டும் ஒரே பருப்பு, நீ கோபமாக இருக்கிற நாளில் வேறு மாதிரி வேகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மா வீடியோவில் தட்டுகளுக்கு மேல் பூப்போட்ட காகிதம் ஒட்டினாள். ஆம்பூர்க்காரன் காகிதமா ஒட்டுவான்? ஷூவுக்கு உள்பக்கம் வைக்கிற லைனிங் துண்டுகள் வேஸ்ட் கடையில் மலிவாகக் கிடைக்கும். தேன் நிறத்தில் நல்ல துண்டுகளாகப் பொறுக்கினேன். கட்டிங் டேபிளில் தோல் வெட்டுகிற கை இது. இணைப்பு தெரியாமல் நறுக்கி, கடப்பாக்கல் மேலும் சுவரிலும் கதவின் உள்பக்கமும் சுற்றி ஒட்டினேன். புது ஷூவுக்குள் தலையை விட்டுப் பார்க்கிற மாதிரி அவ்வளவு நேர்த்தி.

ஒட்டியது எதால் என்று கேட்கமாட்டாயா? நமக்கு ஒட்டுவதென்றால் ஒன்றுதானே தெரியும். ஷூ ஒட்டுகிற சொல்யூஷன். நீ அதைப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்த பேஸ்டிங் செக்ஷனிலிருந்தே ஒரு டப்பா கேட்டு வாங்கிவந்தேன். உன் சூப்பர்வைசர்தான் எடுத்துக் கொடுத்தான். கொடுத்துவிட்டு, “பொண்ணு படிப்ப முட்ச்சா அனுப்புண்ணா, அவங்கம்மா எடம் காலியாத்தான் கீது” என்றான். அவன் கெட்டவன் இல்லை. உதவி செய்கிறதாக நினைத்துத்தான் சொன்னான். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வரும்வரைக்கும் அந்த டப்பா கையில் கனத்தது.

கதவு ஓரம் முழுக்க ஸ்பாஞ்சு ஒட்டி அடைத்தேன். கரப்பான் என்ன, காற்றுகூட உள்ளே போகாது. அன்றாடத்துக்குக் கொஞ்சம் வெளியே வைத்துவிட்டு, மிச்ச சாமான்களை அடுக்கி மூடும்போது கீர்த்தி மூக்கைச் சுளித்தாள்.

“நாத்தம் போய்டுமாப்பா?”

“காஞ்சா போய்டும்டி. தெவசத்தன்னிக்குத்தான் தொறக்கணும். ஒங்க அத்த மயக்கம் போட்டு வுழணும்.”

எனக்கு ஒரு நாத்தமும் தெரியவில்லை. தெரியாது. அந்தக் கம்பெனிக் கட்டடத்துக்குள்ளேயே நரைத்த மூக்கு இது. மல்லிகைப்பூவையே இரண்டு தடவை மோந்தால்தான் பிடிபடும். அடைத்து வைத்த அலமாரிக்குள் அது காயாமல், அரிசியிலும் பருப்பிலும் புளியிலும் போய் ஏறிக்கொண்டிருந்தது என்று இந்த மூக்குக்கு எப்படித் தெரியும்?

தெவசத்தன்று காலையில் கீர்த்தி குளித்துவிட்டு வந்து அலமாரியைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே உள்ளே முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். அழகில் சொக்கிவிட்டாள் என்று நான் பின்னால் நின்று இளித்துக்கொண்டிருந்தேன். “இன்னாடி, எப்பிடி?” என்றேன். அரிசியை எடுத்துப் போய்க் கழுவினாள். திரும்பக் கழுவினாள். அப்புறமும் கழுவினாள்.

உன் அண்ணன் குடும்பம் ஆட்டோவில் வந்து இறங்கியது. மணி வரவில்லை. பூக்கூடையும் பழத்தட்டும் வந்தது. தெவசத்துக்கு எதற்கு இத்தனை தட்டு என்று கேட்டேன். “நல்லதுக்கு நாள் பாத்தா வந்தோம்? துக்கம் இன்னியோட முடியுது, அப்பிடியே பேசி முட்ச்சிடலாம்” என்றாள் அண்ணி. உன் போட்டோவுக்குப் போட ஒரு முழம். மீதிக் கூடை முழுக்கக் கீர்த்தி தலைக்கு.

படையல் போட்டோம். கற்பூரம் காட்டினோம். உனக்குப் படைத்ததில் ஒரு உருண்டையை இலைத் துண்டில் எடுத்துக்கொண்டு எல்லோரும் மாடிக்குப் போனோம். உன் அண்ணன் கா கா என்று கத்தினான். நம் தெருவில் காக்காய்க்கா பஞ்சம்? இரண்டு வந்தது. ஒன்று கொத்தியது. கொத்தி, தலையை உதறி, அலகைச் சுவரில் இப்படியும் அப்படியும் தேய்த்துவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டது. இன்னொன்று கிட்டே வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.

நான் குனிந்து அந்தச் சோற்றில் கொஞ்சம் எடுத்து வாயில் வைத்தேன். நாக்குக்குத் தெரிந்தது வசந்தா, மூக்குக்குத் தெரியாதது. உனக்குப் படைத்த சோற்றில் சொல்யூஷன். உன்னைத் தின்ற அதையே பிசைந்து உனக்கு ஊட்ட வந்திருக்கிறேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி ஆரம்பித்துவிட்டாள்.

“பாத்தீங்களா? அவ மனசுல ஏதோ கொற கீது. அதான் சாப்ட மாட்றா.” இலைப் பக்கம் திரும்பி, கையைக் கூப்பிக்கொண்டாள். “வசந்தா, ஒம்பொண்ணப் பத்தித்தானே கவல? நாங்க கீறோம். நம்ம மணிக்கே கட்டி வெக்கிறோம்மா. ஒங்க அண்ணன் வூட்டுக்கே வந்துருவா. வா, வந்து சாப்டு.”

அப்படி வேண்டிக்கொள்வது நம் பக்கத்து வழக்கம்தான். உன் அப்பாவுக்குக் காக்காய் வராதபோது, ‘நிலத்தை விற்க மாட்டோம்’ என்று உன் அண்ணனே சத்தியம் பண்ணினான், நானும் பக்கத்தில் நின்றேன். காக்காய் கொத்தியது. கொத்திவிட்டால் அது செத்தவர் வாக்கு. அதற்கு அப்புறம் யாரும் பேச முடியாது.

கீர்த்தி என் பின்னால் நின்றாள். என் சட்டையைப் பிடித்திருந்தாள்.

தள்ளி உட்கார்ந்திருந்த காக்காய் திரும்பிப் பார்த்தது. ஒரு தத்து தத்தியது. இன்னொரு தத்து. “வருது, வருது” என்றான் உன் அண்ணன். அதற்குப் பசியோ என்னவோ. இலைக்குக் கிட்டே வந்து கழுத்தை நீட்டியது.

நான் தோளில் கிடந்த துண்டை எடுத்து வீசினேன். “சூ!” என்று கத்தினேன். தெருவே கேட்டிருக்கும். இரண்டும் பறந்துவிட்டது.

பெண்டாட்டி தெவசத்தன்றைக்குக் காக்காயை விரட்டின ஆள் வேலூர், ஆம்பூர் சுற்றுவட்டாரத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

“பைத்தியமா மாப்ள ஒனக்கு? என் தங்கச்சிய வெரட்டற!”

“ஆமா மச்சான். அவ ஒரு வாய் சாப்ட்டா நீங்க எம்பொண்ண எழுதி வாங்கிப்பீங்க.”

“பாவம்ணா, பாவம்!” என்று அண்ணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நான் அவர்களைக் கீழே கூட்டிவந்தேன். அலமாரிக் கதவைத் திறந்து உன் அண்ணனை முன்னால் நிறுத்தினேன். உள்ளே முகத்தை வைக்கச் சொன்னேன். வைத்தான். உடனே எடுத்துவிட்டான். இருமினான்.

“இன்னா மாப்ள இது, கொமட்டுது.”

“இதுதான் காக்கா சாப்டாததுக்குக் காரணம். கொறையும் இல்ல, ஆசையும் இல்ல. ஒட்டத் தெரியாம நான் ஒட்டினது. காலைலேந்து சாயங்காலம் வரைக்கும் ஒன் தங்கச்சி இழுத்த காத்து இது மச்சான். ஆஸ்பத்திரிக்கு ஒரு தபா வந்திருந்தா அவ மேலயே மோந்திருப்ப. நான் பேஜார்பட்டு அலமாரி செஞ்சி காட்ட வேண்டியதில்ல.”

அவன் அலமாரியை விட்டுத் தள்ளிப் போனான். அண்ணிதான் பேசினாள். “இதுக்குத்தாண்ணா சொல்றேன், பொம்பள இல்லாத வூடுன்னு. சோத்துல கம்பெனி நாத்தம் ஏத்தி வெச்சினு எங்கள குத்தம் சொல்றீங்களா?” அவள் சொன்னதில் பாதி சரிதான். அதனால்தான் எனக்கு ஆத்திரம் ஜாஸ்தியாக வந்தது.

அவள் கீர்த்தி பக்கம் திரும்பினாள். “அம்மா பட்னியா போய்ட்டாளே, ஒனக்கு பயமா இல்லியாடி?”

கீர்த்தி மெதுவாகத்தான் சொன்னாள். “ஆஸ்பத்திரில அம்மா கடசி வரைக்கும் பட்னிதான் அத்த. அப்ப யாரும் வந்து வா, சாப்டுன்னு கூப்டல. நான் வர்ல அத்த. நான் படிக்கிறேன்.”

பூக்கூடை வந்த வழியே ஆட்டோ ஏறியது. உன் அண்ணன் மட்டும் வாசலில் ஒரு நிமிஷம் நின்றான். உள்ளே உன் போட்டோவைப் பார்த்தான். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போய்விட்டான். சாப்பிடாமல் போனார்கள். சாப்பிடுகிற மாதிரி இங்கே என்ன இருந்தது?

அவர்கள் போனதும் நான் கட்டிங் கத்தியை எடுத்தேன். இணைப்பு தெரியாமல் ஒட்டின லைனிங்கை வரி வரியாகச் சுரண்டினேன். கீர்த்தி பாட்டில்களை எடுத்துப் பின்னால் கொட்டினாள். பாதி வேலையில் அவள் நின்றாள்.

“காலைல கதவத் தொறந்தப்ப அம்மா வந்துட்டாங்கன்னு நெனச்சேம்பா. மூட மனசே வர்ல. கொஞ்ச நேரம் கழிச்சித்தான் அவங்க இருமல் ஞாபகம் வந்துது.”

நான் மிச்சம் இருந்த லைனிங்கையும் சுரண்டினேன்.

வேலை முடிந்து வந்தால் நீ கம்பெனிப் புடவையோடு சமையல்கட்டுப் படியைத் தாண்டமாட்டாய். பின்பக்கமாகப் போய், தலையோடு ஊற்றிக்கொண்டு, புடவையைக் கொல்லைக் கொடியிலேயே போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவாய். “இன்னாடி, சாவு வூட்டுக்குப் போய்ட்டு வந்தியா?” என்று நான் கேட்பேன். நீ சிரித்துவிட்டு அடுப்பைப் பற்றவைப்பாய். அந்த நாத்தம் ஆளைத் தின்னும் என்று உனக்குத் தெரியுமா வசந்தா? தெரிந்துதான் தினமும் போனாயா? டாக்டரும் எந்த செக்ஷன் என்று கேட்டு எழுதிக்கொண்டாரே தவிர மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. கம்பெனியில் மாலை வாங்கிவந்து போட்டார்கள். மாலை பெரிசுதான். யாரிடம் போய்க் கேட்க?

இப்போது உன் அலமாரிக்குக் கதவும் இல்லை, திரையும் இல்லை. சுரண்டின சுவர் சொறி பிடித்த மாதிரி இருக்கிறது. பாட்டில்களைக் கழுவி மறுபடியும் அடுக்கியிருக்கிறோம். வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குகிறோம், அதனால் வண்டுக்கு நடக்க இடம் கம்மி. நாட்றம்பள்ளி முழுக்க எனக்குப் பைத்தியம் என்று பேச்சாம். நம் தெருவிலும் ஒன்றிரண்டு பேர் என்னைப் பார்த்தால் காக்காய் மாதிரி கத்துகிறார்கள். நானும் பதிலுக்குக் கத்துகிறேன். வேறு என்ன செய்ய?

ராத்திரி படுத்தால் மட்டும் அந்தக் காக்காய் கழுத்து நீட்டினது ஞாபகம் வருகிறது. நீயாக இருந்திருந்தால்? அந்த நாத்தத்தையும் பொறுத்துக்கொண்டு, நான் செய்தேனே என்று ஒரு வாய் சாப்பிட வந்திருந்தால்? அப்படிப்பட்டவள்தானே நீ.

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். கீர்த்தி உன் அண்ணன் வீட்டுக்கும் போகமாட்டாள், உன் காலி நாற்காலிக்கும் போகமாட்டாள். நர்ஸ் படிப்புக்கு அவளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. அடுத்த தெவசத்துக்கு நல்ல அரிசியாக வாங்கி, நல்ல மூக்கு இருக்கிற யாரையாவது மோந்து பார்க்கச் சொல்லி, உனக்கு இலை போடுவேன். மாடியில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. உன் பசியை வைத்து ஒருத்தரும் பேரம் பேச விடமாட்டேன். நானும் எதுவும் கேட்கமாட்டேன். திரும்பி வா என்றுகூடக் கேட்கமாட்டேன். நீ வந்து சாப்பிட்டுவிட்டு உன்பாட்டுக்குப் போகலாம்.

அன்றைக்கு உன்னைத் துண்டு வீசி விரட்டிய,
உன் புருஷன், கீர்த்தியின் அப்பா,
ஏகாம்பரம்